ஏலக்காரர் வாசித்த சட்டம்

எங்கள் மாநிலத்து மேல்சபைக்கு அந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு மாட்டு ஏலக்காரர் அவசரமாகத் தேவைப்பட்டார். மாடு விற்பதற்கல்ல. சட்டம் வாசிப்பதற்கு.

சட்டத்தின் பெயர் நோயாளி விடுதலைச் சட்டம். கம்பெனி வேலை இல்லாதவர்கள், சின்னக் கடைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் மருத்துவக் காப்பீடு வாங்குகிற சந்தை ஒன்று எங்களுக்கு உண்டு. அந்தச் சந்தைக்குச் சில விதிகள் இருந்தன. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, மருந்துச் செலவை ஏற்க வேண்டும், பிரசவத்தை ஏற்க வேண்டும் என்று. இந்த விதிகளை ஒழிக்கப்போவதாகச் சொல்லித்தான் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் செனட்டர் ராய்ஸ் டிம்பர்லேக் ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்துவந்தார். ஒவ்வொரு முறையும் மசோதா வரும், ஏதாவது காரணத்தால் விழும், மறுபடி தேர்தல் வரும். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அந்த வருடம் எதிர்பாராத விதமாக ஓட்டு தேறிவிட்டது.

எதிர்க்கட்சியில் செனட்டர் பெர்னடெட் கோலார் என்று ஒரு அம்மாள். முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை, சபையில் எப்போதும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பவர். அவர் எழுந்து, "மசோதாவை முழுசா வாசிக்கணும்னு கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது ஒரு உறுப்பினர் கேட்டால் முழுவதும் வாசித்தே ஆக வேண்டும் என்று ஒரு பழைய விதி. மசோதா தலையணை மாதிரி இருந்தது. வாசிக்க வேண்டிய சபைச் செயலர் ஆம்ப்ரோஸ் பெல்ஹாமோ ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மூச்சு வாங்குகிற மனிதர். அவர் வாசித்து முடிப்பதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிடும்.

அப்போதுதான் டிம்பர்லேக்குக்கு லைல் ஓடெகார்ட் ஞாபகம் வந்தார்.

கார்சன் பெண்ட் மாட்டு ஏலக்கூடத்தில் லைல் ஏலம் கூவினால், வெளியூர்க்காரன் காதுக்கு அது தேனீக்கூட்டத்தைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரன் காதில் ஒவ்வொரு எண்ணும் தெளிவாக விழும். அவருடைய மனைவி மார்வா அதே கூடத்தின் ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். மாட்டிறைச்சி சாண்ட்விச், ஆப்பிள் பை, காப்பி. டிம்பர்லேக்கும் அங்கே வருவார். ஏராளமான கறுப்பு ஆங்கஸ் மாடுகளுக்குச் சொந்தக்காரர். போன தேர்தலில் தன் பெயர்ப் பலகையை லைலின் வாசலில் நடுவதற்குத் தானே வந்தார். மார்வாவுக்கு ரத்தப் புற்று என்றும், தினம் ஒரு மாத்திரையில் நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்றும், அந்த மாத்திரை சந்தைக் காப்பீட்டில்தான் வருகிறது என்றும் அவருக்குத் தெரியும். "யார் மருந்தையும் யாரும் தொடமாட்டாங்க, மார்வா. இது நான் குடுக்கற வாக்கு" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். பலகை நடப்பட்டது. லைல் ஓட்டுப் போட்டார்.

ஆகவே டிம்பர்லேக் கூப்பிட்டதும் லைல் பெருமையோடு போனார்.

சபையில் முதல் சிக்கல் அவருடைய தொப்பியால் வந்தது. அகல விளிம்புத் தொப்பி இல்லாமல் தனக்கு வாய் ஓடாது என்றார் லைல். தொப்பியோடு யாரும் சபைக்குள் வர முடியாது என்றார் செயலர் பெல்ஹாம். விஷயம் தொப்பிக் குழுவுக்குப் போனது. அப்படி ஒரு குழு உண்மையிலேயே இருந்தது. நான்கு செனட்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து, வாசிப்பவர் தொப்பியை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். நோயாளி விடுதலைச் சட்டத்தைக் குழுவில் பரிசீலித்ததைவிட அதிக நேரம் லைலின் தொப்பியைப் பரிசீலித்தார்கள்.

பிறகு பெல்ஹாம் அவருக்கு முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். அவைத்தலைவரை வணங்க வேண்டும். கொடியை வணங்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் காலி நாற்காலியை வணங்க வேண்டும்.

"அது யாருதுங்க?"

"முதல் அவைத்தலைவரோடது."

"அவர் எப்ப வருவார்?"

"அவர் செத்து நூத்துச்சொச்சம் வருஷம் ஆச்சு, மிஸ்டர் ஓடெகார்ட். நல்லாக் கேட்டுக்குங்க. இந்த மேசையிலேருந்து நீங்க சத்தமா வாசிக்கறதுதான் சட்டம். காகிதம் வெறும் நகல். வாசிச்சதுக்கு யாரும் மறுப்புச் சொல்லலைன்னா, வாசிச்சபடியே நிக்கும்."

சபையைத் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாததால் வந்த விதி அது. இப்போதிருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் விதியை மாற்றும்படியான தேவை எதுவும் வரவில்லை.

லைல் வாசிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் சபையே வாயைப் பிளந்து கேட்டது. பிரிவுகளும் உட்பிரிவுகளும் கதவைத் திறந்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி ஓடின. டிம்பர்லேக் மேசையைத் தட்டினார். சிறிது நேரத்தில் வேடிக்கை பழகிப்போனது. ஒருவர் செல்போனில் சீட்டாடினார். ஒருவர் நகம் வெட்டினார். கடைசி வரிசையில் ஒருவர் வாய் திறந்து தூங்கினார். லைலின் கண் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தலையசைப்பையும் குறித்துக்கொண்டே வந்தது.

முற்பகலில் முன்நோய்ப் பிரிவு வந்தது. கீழ்க்கண்ட நோய்கள் எப்போதாவது இருந்தவர்களுக்குக் கம்பெனி காப்பீடு மறுக்கலாம் என்று தொடங்கி நோய்களின் பெயர்கள் அகர வரிசையில் நின்றன. லைலின் வாய் அவற்றை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது. மனம்தான் பின்தங்கிவிட்டது. மூன்று வரி தள்ளிப் போன பிறகு, ரத்தப் புற்று என்று தன் வாயே சொன்னதை அவர் கேட்டார்.

வாசிப்பு நின்றது. தூங்கிக்கொண்டிருந்த செனட்டர் அந்த அமைதியில் விழித்துக்கொண்டார்.

"என்ன லைல், நின்னுட்டீங்க?" என்றார் டிம்பர்லேக்.

"தொண்டை அடைக்குதுங்க."

"பாவம். சாப்பாட்டுக்கு விடுங்கப்பா."

தாழ்வாரத்தில் லைல் அவரை மறித்தார். "செனட்டர், மார்வாவோட நோய் இதுல இருக்கே."

டிம்பர்லேக் அவர் தோளில் கை போட்டார். "லைல், சட்டத்தோட பேரே நோயாளி விடுதலை. மார்வா யாரு? நோயாளி. அவங்களுக்குத்தான் விடுதலை."

"எதுலேருந்துங்க?"

"காப்பீட்டுலேருந்து! இத்தனை நாள் அரசாங்கம் அவங்களுக்கு ஒரு காப்பீட்டைத் திணிச்சு வெச்சிருந்துச்சு. இனிமே எந்த மருந்து வேணும்னாலும் அவங்களே சுதந்திரமா தேர்ந்தெடுத்துக்கலாம். நடுவுல நிக்கறது விலை மட்டும்தான். விலை என்ன, அரசாங்கமா?"

"இந்த மாத்திரை இல்லன்னா அவ செத்துருவா, செனட்டர்."

"நாம எல்லாருமே ஒரு நாள் சாகத்தான் போறோம், லைல். அந்த முடிவு மக்கள் கையில இருக்கணும்ங்கறதுதான் எங்க கட்சியோட கொள்கை."

"உங்க காப்பீடும் இதுல போயிருமா?"

"எங்களுக்குத் தனித் திட்டம். கடைசிப் பிரிவுல விலக்கு இருக்கு. நாங்க நல்லா இருந்தாத்தானே உங்களுக்காகப் போராட முடியும்?"

"நீங்க இதை முழுசாப் படிச்சீங்களா, செனட்டர்?"

டிம்பர்லேக் வாய்விட்டுச் சிரித்தார். "படிக்கறதுக்குத்தானேய்யா உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

லைல் மார்வாவுக்குப் போன் செய்தார். கடையில் கூட்டம். பின்னால் தட்டுகளின் சத்தம். அவர் நடந்ததைச் சொன்னார்.

"உன் வாயாலயா வாசிச்ச?" என்றாள்.

"எனக்குத் தெரியாது, மார்வா. வாய் ஓடிருச்சு. தொப்பியைத் தூக்கிட்டு இப்பவே வந்துடறேன்."

"வந்து என்னத்தக் கிழிப்ப? அவனுங்க வேற ஆளை வெச்சு வாசிச்சுக்குவானுங்க. என் கையைப் புடிச்சு வாக்கு குடுத்தான்ல அந்த ஆளு, இப்ப கேக்கறானா?"

"அங்க யாருமே கேக்கறதில்ல. ஒருத்தன் தூங்கறான், ஒருத்தன் நகம் வெட்டறான்."

"ஏலக்கூடத்துல கவனிக்காம தலையாட்டறவனை என்ன பண்ணுவ?"

"மாட்டை அவன் தலையில கட்டிருவேன்."

"அப்ப கட்டு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிற்பகலில் லைல் முன்னிலும் வேகமாக வாசித்தார். கடைசிப் பிரிவு வந்தது. இச்சட்டம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பொருந்தாது என்று தாளில் இருந்தது. லைல் மூச்சை இழுத்துக்கொண்டு, இச்சட்டம் முதல் ஓராண்டுக்குச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மட்டுமே பொருந்தும் என்று வாசித்தார். வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. பிறகு ஏலக்கூடத்துக் குரலிலேயே கேட்டார்.

"மறுப்பு உண்டா, ஒரு தரம்? மறுப்பு உண்டா, ரெண்டு தரம்?"

காப்பி கொண்டுவரச் சொல்லி ஒரு செனட்டர் விரலைத் தூக்கினார். கடைசி வரிசையில் தலை ஆடியது. டிம்பர்லேக் செல்போனைப் பார்த்தபடி, ஆகட்டும் ஆகட்டும் என்பது போல இரண்டு தடவை தலையசைத்தார். பெர்னடெட் கோலாரின் பின்னல் ஊசி நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக லைலைப் பார்த்தார். லைலும் அவரைப் பார்த்தார். அந்த அம்மாள் குனிந்து மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

"மூணு தரம்!"

ஆரவாரத்தோடு மசோதா நிறைவேறியது. மேல்சபை வாசித்துவிட்டது என்ற நம்பிக்கையில் கீழ்சபை வாசிக்காமலே நிறைவேற்றியது. இரண்டு சபைகள் வாசித்திருக்கின்றன என்ற நம்பிக்கையில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தவர் மட்டும்தான் அதை முழுதாகப் படித்தார். அவருக்கு அது மிகவும் நியாயமான சட்டமாகப் பட்டது.

ஏப்ரல் மாதம் எல்லா உறுப்பினர்களுக்கும் தபாலில் புதிய காப்பீட்டு அட்டை வந்தது. பளபளவென்று இருந்தது. விடுதலை என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. அட்டையின் பின்னால், இதைக் காட்டினால் எதுவும் கிடைக்காது என்பதை நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். தபாலில் ஏதோ குளறுபடி என்று டிம்பர்லேக் அதைக் குப்பைக்கூடையில் போட்டார்.

முதலில் அகப்பட்டவர் கடைசி வரிசைத் தூங்குமூஞ்சி செனட்டர். தூக்க வியாதிக்கு அவர் போட்டுவந்த மாத்திரை நின்றுபோனது. அவர் சபையில் இன்னும் கூடுதலாகத் தூங்கியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தொப்பிக் குழுத் தலைவரின் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பிரசவம் விருப்பத்தின்பேரில் செய்துகொள்ளப்பட்டதால் ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது.

டிம்பர்லேக் ஒரு தேவாலயத்தின் பான்கேக் விருந்தில், விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரப் ஜாடிகளின் மேல் சரிந்தார். சிறுநீரகக் கல். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தார். நெடுநேரம் இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்களுக்கு முன்நோய் இருக்கு."

"எனக்கு இதுக்கு முன்னாடி கல்லே வந்ததில்லம்மா!"

"கல்லூரியில படிக்கறப்ப முதுகுவலின்னு டாக்டர்கிட்ட போயிருக்கீங்க. முதுகுக்கு உள்பக்கம்தான் சார் சிறுநீரகம் இருக்கு."

"நான் யாருன்னு தெரியுமா? ராய்ஸ் டிம்பர்லேக்!"

"தெரியும் சார். பயிற்சி வகுப்புல உங்க பேச்சைத்தான் போட்டுக் காட்டினாங்க. எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் நீங்க சுதந்திரமா சேர்ந்துக்கலாம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

ஒரு கல்லை எடுத்தார்கள். இன்னொன்று உள்ளே இருந்தது. அதை எடுக்கும் முன் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பேசியதில் டிம்பர்லேக் கல்லோடு வீட்டுக்குப் போகச் சம்மதித்தார்.

அவர் நேராகப் போனது சபைச் செயலரிடம். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். "அந்த மாட்டுக்காரனை ஜெயில்ல போடணும்!" என்று கத்தினார் டிம்பர்லேக்.

"சிரமம், செனட்டர்" என்றார் பெல்ஹாம். "மறுப்பு உண்டான்னு மூணு தரம் கேட்டிருக்கார். யாரும் மறுக்கல. நீங்க தலையை ஆட்டினது சபை வீடியோவுலயே இருக்கு."

"நான் கவனிக்கலைய்யா!"

"தாராளமா வழக்குப் போடலாம். சபையில மசோதா வாசிக்கறப்ப நாங்க யாரும் கவனிக்கலைன்னு ஒவ்வொரு உறுப்பினரும் கோர்ட்டுல சத்தியம் பண்ணணும். நவம்பர்ல தேர்தல் வேற வருது."

டிம்பர்லேக் வழக்குப் போடவில்லை. சட்டத்தையே நீக்கி, பழைய விதிகளை அப்படியே திரும்பக் கொண்டுவருவதுதான் ஒரே வழி. அவசரக் கூட்டம் கூடியது. பெர்னடெட் கோலார் எழுந்து, நீக்கும் மசோதாவையும் நீக்கப்படும் சட்டத்தையும் முழுசாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்வெட்டர் முடிந்துவிட்டதால் கம்பளி ஒன்று பின்ன ஆரம்பித்திருந்தார்.

செயலர் பெல்ஹாமுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாநிலத்திலுள்ள ஏலக்காரர்கள் அத்தனை பேரும் லைலின் சிநேகிதர்கள். அன்றைக்குப் பார்த்து ஒருவர்கூட ஊரில் இல்லை. டிம்பர்லேக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கார்சன் பெண்டுக்கு வந்து, மார்வாவின் கடையில், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குதா, செனட்டர்?" என்றாள் மார்வா.

"உயிர் போகுது, மார்வா."

"போகட்டும். அந்த முடிவு மக்கள் கையிலதான் இருக்கணுமாமே." அவள் காப்பியை அவர் முன்னால் வைத்தாள். "லைல் வருவான். ஆனா அவனுக்கும் வயசாகுது. முன்ன மாதிரி வாய் ஓடாது. நானும் பார்வையாளர் மாடத்துல உக்காந்து கேக்கப்போறேன். எனக்குப் புரியற மாதிரி வாசிக்கச் சொல்லியிருக்கேன்."

லைல் வாசித்தார். சவ அடக்கத்தில் பாதிரியார் வாசிக்கிற வேகத்தில் வாசித்தார். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தண்ணீர் குடித்தார். யாராவது தலை சாய்ந்தால் நிறுத்தினார். "செனட்டர் தலையாட்டினாரே, மறுப்பா, ஒப்புதலா? தெரியாம மேல போகக் கூடாதே" என்று பணிவோடு கேட்டுவிட்டு அந்தப் பிரிவை முதலிலிருந்து தொடங்கினார். ஒரு ஆள் குறைந்தாலும் கூட்டம் செல்லாது என்பதால் யாரும் வெளியே போகவும் முடியவில்லை. முன்நோய்ப் பட்டியல் வந்தபோது, ஒவ்வொரு நோயின் பெயரையும் சொல்லி, நிமிர்ந்து, மேலே மாடத்தில் இருந்த மார்வாவைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயருக்குப் போனார். ரத்தப் புற்றை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். மண் வெடித்த வயல் மாதிரி வியர்வை உலர்ந்த முகத்தோடு டிம்பர்லேக் நாற்காலியின் கைப்பிடியைக் கடித்துவிடுவார் போல இருந்தார்.

இரண்டு நாள் அப்படிப் போனது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, இச்சட்டம் வாசித்த நாளிலிருந்தே அமலுக்கு வரும், அதற்கு முன் ஆன ஆஸ்பத்திரிச் செலவுகளைக் கம்பெனிகள் ஏற்கத் தேவையில்லை என்று ஒரு வரி இருந்தது. லைல் சேர்த்ததல்ல. மசோதாவை எழுதிக்கொடுத்த காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல்கள் சேர்த்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மசோதாவைக் கவனித்துக் கேட்ட டிம்பர்லேக் துள்ளி எழுந்தார்.

"மறுக்கறேன்!"

"தாராளமா" என்றார் பெல்ஹாம், கட்டிய தொண்டையில். "திருத்தினா மசோதா புதுசாகிடும். முதல் பக்கத்துலேருந்து வாசிக்கணும்."

சபை முழுக்க அவரைப் பார்த்தது. அது அன்பான பார்வையாக இல்லை. லைல் ஒரு கையால் தாள்களைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டிம்பர்லேக் உட்கார்ந்தார். மசோதா நிறைவேறியது. சந்தைக்குப் பழைய விதிகள் திரும்ப வந்தன. மார்வாவின் மாத்திரை வழக்கம்போலத் தபாலில் வந்தது.

நவம்பரில் டிம்பர்லேக், நோயாளிகளை ஒரு கொடிய சட்டத்திலிருந்து மீட்டவர் என்று பலகை அடித்துப் போட்டியிட்டார். ஜெயித்தும்விட்டார். எங்கள் ஜனங்கள் அப்படி. ஆனால் ஆஸ்பத்திரிக் கடனுக்கு ஓட்டு உதவாது. குளிர் தொடங்கியதும் அவருடைய பரிசு வாங்கிய ஆங்கஸ் மாடுகள் லாரிகளில் கார்சன் பெண்ட் ஏலக்கூடத்துக்கு வந்து இறங்கின.

கூடம் நிறைந்திருந்தது. முதல் பசு வளையத்துக்குள் வந்தது. மயிர் மின்னும் நல்ல பசு. நாலைந்து பேர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். லைல் தலையில் தொப்பியோடு, நிதானமாகப் பேசினார்.

"அருமையான பசு. செனட்டர் ஐயாவோடது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், மக்களே. கன்னுக்குட்டியா இருந்தப்ப இதுக்கு ஒரு தடவை இருமல் வந்திருக்கு."

நகர்ந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள்.

"அது பழைய இருமல், லைல்!" டிம்பர்லேக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "இப்ப நல்லாயிருக்கு! டாக்டரே சொன்னாரு!"

"கேட்டுக்குங்க. இப்ப நல்லாத்தான் இருக்காம். முன்நோய்தானாம்."

கூடத்தில் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. விலை இறங்கியது. இறைச்சிக் கடைக்காரன் ஒருவன் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்ட விலைக்கு வந்தபோது, மாவு படிந்த ஏப்ரனோடு கதவோரம் நின்றிருந்த மார்வா அவனைவிடக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாள். லைல் மூன்று தரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். தன் மனைவி பக்கம் திரும்பாமலே அடுத்த மாட்டை உள்ளே விடச் சொன்னார்.

அதற்கு ஒரு காலத்தில் காய்ச்சல் வந்திருந்தது.